பாப்பாவுக்கு ஒரு முட்டை

அந்த வருடம் புரட்டாசிக் கடைசியில் எனக்கு மூன்றாவது பிள்ளை எட்டாம் மாதத்திலேயே வயிற்றுக்குள் இறந்துபோனது. பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது பக்கத்தில் எதுவும் இல்லை. என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் அதற்குள் குழந்தையை ஊருக்கு எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டிருந்தார்கள். பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னார். முகத்தை நான் பார்க்கவே இல்லை.

“பாத்துட்டா மறக்க முடியாதும்மே. அதான்,” என்றார் வீட்டுக்காரர். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அவருக்கு ரைஸ் மில்லில் மோட்டார் பார்க்கும் வேலை. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. நான் வீட்டுக்கு வந்த மறுநாள் பால் கட்டிக்கொண்டது. எதிர்வீட்டு அக்கா மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். நாலு நாளில் பால் வற்றியது. அந்த வாடிய பூவின் வாசனை மட்டும் கார்த்திகை முடியும்வரை என்னைவிட்டுப் போகவில்லை.

சோறு ஆக்கினேன், துணி துவைத்தேன். மற்ற நேரமெல்லாம் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். பிள்ளைகள் பேசினால் தெருவில் யாரோ பேசுவது போலக் கேட்டது. மகள் சீப்பும் ரிப்பனுமாக வந்து நிற்பாள். பார்த்தும் பார்க்காதவள் மாதிரி கிடப்பேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். இரட்டைச் சடை போட அவளே பழகிக்கொண்டாள். வகிடு கோணலாக இருக்கும்.

டிசம்பர் பிறந்தது. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவதை நாங்கள் கடையில் வாங்குவதில்லை. நானும் பிள்ளைகளும் உட்கார்ந்து செய்வோம். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளில் மணி, பழைய கல்யாணப் பத்திரிகையில் நட்சத்திரம், தீப்பெட்டிக்குக் கலர் காகிதம் சுற்றிப் பரிசுப் பொட்டலம். அந்த வருடம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே ஆரம்பித்தார்கள்.

“சண்டே ஸ்கூல் டீச்சர் முட்டையில பண்ணச் சொல்லிக் குடுத்தாங்கம்மா,” என்று மகள் வாசற்படியில் நின்று சொன்னாள். “ஒடைக்காம உள்ள கீறத எடுத்துடணுமாம்.”

“பண்ணு,” என்றேன், திரும்பாமல்.

எங்கள் வீட்டில் முட்டையிடும் கோழி இரண்டு இருந்தன. மகள் ஊக்கால் முட்டையின் இரண்டு முனையிலும் ஓட்டை போடுவாள். மகன் வாய் வைத்து ஊதுவான். மறுமுனையில் வெள்ளைக்கரு நூல் நூலாகக் கிண்ணத்தில் இறங்கும். ஒருமுறை மஞ்சள்கரு ‘புர்’ரென்று சத்தம் போட்டு வெளியே வர, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. நான் எழுந்து போயிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த வாரம் தினமும் முட்டைப் பொரியல்.

வீட்டுக்காரர் தோப்பிலிருந்து ஒரு சவுக்கு நுனி கேட்டு வாங்கி வந்து, பிளாஸ்டிக் பக்கெட்டில் மணல் போட்டு நட்டார். பழைய தலையணையைப் பிரித்துப் பஞ்சைப் பனி மாதிரி ஒட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் மகள் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வந்து பாரும்மா. ஒரே ஒரு வாட்டி.”

போனேன். சவுக்குக் கிளையில் முட்டைகள் தொங்கின. ஒன்றுக்கு மீசை, அது அவர்களுடைய நைனா. ஒன்றுக்குக் கறுப்பு நூலில் கொண்டையும் சாந்துப் பொட்டும், அது நான். ஒன்றுக்கு இரட்டைச் சடை. ஒன்றுக்கு முன்பல் இல்லாத சிரிப்பு. கீழ்க்கிளையில், பஞ்சுக்கு நடுவில், ஐந்தாவதாக ஒன்று. இளங்கோழி இட்ட சின்ன முட்டை. அதற்கு வர்ணம் இல்லை. மூடிய கண்கள் இரண்டு மட்டும் மையால் வரையப்பட்டிருந்தன.

“இது யாரு?” என்றேன்.

மகன் முந்திக்கொண்டான். “பாப்பா. தூங்கிக்கினு கீது.”

“மொகம் எப்பிடி இருக்கும்னு தெரில,” என்றாள் மகள். “அதான் கண்ணு மட்டும் போட்டேன். சரியாம்மா?”

என் கை அதைப் பறித்தது. மூடிய கைக்குள் அது நொறுங்கியது. “வெளையாடறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா ஒனக்கு?” என்று கத்தினேன்.

மகன் வெளியே ஓடினான். மகள் அழவில்லை. குனிந்து, தம்பி காலில் குத்திவிடக் கூடாதென்று, தரையில் சிந்திய ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கி முடிக்கும்வரை நான் அங்கேயேதான் நின்றேன். குனிந்து ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து வரும்போது வீட்டுக்காரரிடம் முதன்முதலாகக் கேட்டேன். “எங்க பொதைச்சீங்க?”

அவர் ஏரிக்கரைப் பக்கம் திரும்பி நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி, தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் தண்ணீரையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அந்தக் கை ஓரிடத்தில் நிற்காமல் இங்கும் அங்கும் போனது.

“இங்கதான் எங்கியோ. அப்ப காஞ்சி கெடந்துச்சிம்மே. ஒரு கல்லு கூட வெச்சேன். தண்ணி இம்மாந்தூரம் ஏறும்னு எனக்குத் தோணலியே.”

கரையிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. தோளைத் தொட்டிருக்கலாம். எனக்குத் தெம்பு இல்லை. தனித்தனியாக வீடு திரும்பினோம்.

வீட்டில் மீதி நாலு முட்டைகளும் மரத்தில் இல்லை. மகள் எடுத்துவிட்டிருந்தாள். எங்கே வைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று பஞ்சு மட்டும் ஒட்டிய சவுக்கு நின்றது. எதிர்வீட்டு அக்காவுக்குப் பலகாரம் கொடுத்தோம். பொங்கலுக்குள் சவுக்கு இலையெல்லாம் பழுத்துக் கொட்டியது.

சித்திரையில் ஏரி வற்றியதும் தனியாகப் போய்ப் பார்த்தேன். வெடித்த சேற்றில் எத்தனையோ கற்கள் கிடந்தன. எல்லாமே யாரோ வைத்தது போலவும் இருந்தன, தானாகக் கிடப்பது போலவும் இருந்தன. அதன்பிறகு நான் போகவில்லை.

மகள் மாறிப்போனாள். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்துவரச் சொன்னால்கூட, “இத வரையலாமாம்மா?” என்று கேட்காமல் பென்சிலை எடுக்க மாட்டாள். “வரைம்மா” என்பேன். அப்போதும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். பத்தாவது முடிக்கும்வரை அப்படித்தான்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம், அவள் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது, அன்றைக்குச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். முறத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா,” என்றாள்.