ஐரிஸ் ஏறாத ஹோல்டன்

வார்னம்பூல் என்ற கடலோர ஊரின் வட்டாரத்தில் பால் பண்ணை வைத்திருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கணக்குப் பார்த்தவர் நெவில் ட்ரான்டர். மாடுகளை விற்று ஓய்வு பெறுகிறவர்களில் சிலர், பணத்தைப் பெரிய நிறுவனங்களிடம் ஒப்படைக்க மனமில்லாமல், தாங்களே நிர்வகிக்கும் ஓய்வூதிய நிதி ஒன்றைத் தொடங்கிக்கொள்வார்கள். புருஷனும் மனைவியுமே அதற்கு அறங்காவலர்கள். வரி குறைவு, விதிகள் அதிகம். அந்த விதிகளில் இடறி விழாமல் அவர்களைக் கூட்டிப்போவதுதான் நெவிலின் பிழைப்பு. அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர்கூட இதுவரை அபராதம் கட்டியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஆல்வின் ஹாக்கிங்கும் ஐரிஸும் அப்படி வந்தவர்கள். கல்யாணமான புதிதில் அவர்களிடம் ஒரு ஹோல்டன் கார் இருந்தது. முதல் மாடுகளை வாங்குவதற்காக அதை விற்றார்கள். அதே வருடத்து ஹோல்டன் ஒன்று, அதே வெளிர்பச்சை நிறத்தில், ஏலத்துக்கு வருகிறது என்று ஆல்வின் ஒருநாள் சொன்னார். பழைய கார்களுக்கு விலை ஏறிக்கொண்டிருந்த சமயம். நிதியிலிருந்தே வாங்கலாமே என்று யோசனை சொன்னவர் நெவில்தான்.

"ஆனா ஒண்ணு, அது நிதியோட சொத்து. நீங்க ஓட்டக் கூடாது, ஏறி உட்காரக் கூடாது, வீட்டுல நிறுத்தவும் கூடாது."

"அப்புறம் எதுக்கு அது? பார்த்துக்கிட்டே இருக்கவா?" என்றாள் ஐரிஸ்.

"வயசான காலத்துல வித்துக் காசாக்கலாம்."

"எங்களுக்கு வயசாகியாச்சு நெவில், நீ கவனிக்கல போல."

மூன்று பேரும் சிரித்தார்கள். ரயில் பாதையை ஒட்டிய ஒரு வாடகை ஷெட்டில், துணி போர்த்தி, கார் நின்றது.

சில வருடம் கழித்து ஐரிஸுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஜூன் மாதம், கணக்கு வருடம் முடிகிற நெருக்கடியில் நெவில் மூழ்கியிருந்தபோது ஆல்வின் போன் செய்தார்.

"ஐரிஸ் ஒண்ணு கேக்கறா, நெவில். அந்தக் கார்ல ஒரு தடவை போர்ட் ஃபேரி வரைக்கும் போய்ட்டு வரணுமாம். கடலைப் பார்த்துக்கிட்டே போற ரோடுதானே."

"முடியாதே ஆல்வின். தணிக்கையாளர் கண்ணுல பட்டா வரி அலுவலகத்துக்கு எழுதிடுவார். அபராதம் உங்க ரெண்டு பேர் தலையிலயும் விடியும்."

"ஒரே ஒரு தடவைகூடவா?"

"சட்டத்துல ஒரு தடவைன்னு எதுவும் கிடையாது."

வாக்கியம் கச்சிதமாக அமைந்துவிட்டதாக நெவிலுக்கே தோன்றியது. "சரிப்பா" என்று ஆல்வின் போனை வைத்தார்.

ஜூலை கடைசியில் ஐரிஸ் இறந்துபோனாள். சர்ச் கூடத்தில் தேநீர் கொடுத்தபோது ஆல்வின் நெவிலின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நீ தடுத்தது நல்லதாப் போச்சு. இருக்கற துக்கத்துல அபராதம் வேற வந்திருந்தா தாங்கியிருக்க மாட்டேன்" என்றார். நெவில் அந்த நன்றியை வாங்கிக்கொண்டார்.

செப்டம்பரில் வசந்தம் வந்தபின் ஒரு பல் மருத்துவர் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய நிதி வாங்கிய ஓவியம் ஒன்றைத் தன் வீட்டில் மாட்ட வழியுண்டா என்று கேட்டார்.

"நிதிகிட்டேருந்து நீங்களே வாங்கிக்கோங்க. சம்பந்தமில்லாத மதிப்பீட்டாளர் ஒருத்தர் சொல்ற விலையைக் கொடுத்தாப் போதும். ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும். அப்புறம் அது உங்க சொந்தம், என்ன வேணா..."

நெவில் பாதியில் நிறுத்தினார். ஹோல்டனையும் இப்படியே ஆல்வின் வாங்கியிருக்கலாம். புதிதாகக் கற்ற விதியல்ல அது. பல பேருக்குச் சொன்னதுதான். ஆல்வினிடம் பணமும் இருந்தது, ஐரிஸிடம் நாளும் இருந்தது. அவர்கள் கேட்டது ஓட்டலாமா என்று. அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, அவர் அடுத்த கோப்பைத் திறந்திருந்தார்.

அன்றிலிருந்து அதே நினைப்புதான். கேட்டதற்குச் சரியாகத்தானே சொன்னேன் என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தார். நன்றி சொன்ன அந்தக் கையின் பிடி நினைவுக்கு வந்ததும் வாதம் உதிர்ந்துபோனது. வாடிக்கையாளரிடம் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின் நிபந்தனை. இருந்தும் ஒரு சனிக்கிழமை ஆல்வினின் வீட்டுக்குப் போனார். சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

ஆல்வின் எழுந்துபோய், சுத்தமாக இருந்த கோப்பையை மறுபடி கழுவினார்.

"எங்ககிட்ட எவ்வளவு இருக்குன்னு எங்களைவிட உனக்குத்தானே தெரியும்."

"தெரியும்."

"நீ முடியாதுன்னதும் அவ என்ன சொன்னா தெரியுமா? நெவில் சொன்னா சரியாத்தான் இருக்கும்னா."

நெவில் தலை நிமிரவில்லை. "புகார் கொடுக்கணும்னா எங்க கொடுக்கணும்னு நானே சொல்றேன், ஆல்வின்."

"கொடுத்து? அவங்க வந்து அவளை ஏத்திக்கிட்டுப் போவாங்களா?"

"மன்னிச்சிடு."

"அதை இப்ப எங்கிட்ட கேக்காதே."

அடுத்த மாதம் காரை விற்றுவிட முடிவாயிற்று. அடிலெய்டில் ஒருவர் வாங்கினார். ஏற்றிப்போக லாரி வருகிற அன்று நெவிலையும் வரச் சொல்லியிருந்தார் ஆல்வின். துணியை உருவியதும் வெளிர்பச்சை பளபளத்தது. ஆல்வின் சாவியை நீட்டினார்.

"நீயே ஓட்டி ஏத்து. உனக்குத்தான் தடை இல்லையே."

"நீயும் ஓட்டலாம் ஆல்வின். விக்கறதுக்காக லாரியில ஏத்தறதை யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க."

"இப்ப சொல்றே."

நெவில் ஏறி உட்கார்ந்தார். முன்பக்கம் முழுநீள இருக்கை. பக்கத்தில் ஒருவர் தாராளமாக உட்காரலாம். சாவியின் முதல் திருப்பிலேயே வண்டி உயிர்பெற்றது. சாய்தளத்தில் மெதுவாக ஏற்றினார். கண்ணாடியில் ஆல்வின் தெரிந்தார். அவர் காரைப் பார்க்கவில்லை, ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வருடத்தோடு ஆல்வின் தன் கணக்கை ஹாமில்டனில் வேறொருவரிடம் மாற்றிக்கொண்டார். நெவில் கட்டணம் வாங்காமல் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். சூப்பர் மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் ஆல்வின் தலையசைப்பார், நிற்கமாட்டார். நெவில் ரொட்டி அலமாரிப் பக்கம் திரும்பி, எதை வாங்க வந்தோம் என்று யோசித்துக்கொண்டு நிற்பார்.