தூரத்துக்கு ஒரு குரல்

மணிக்கட்டில் கைக்கடிகாரம் அதிர்ந்தது. திரையில் ‘அப்பா’ என்று வந்ததும், எங்கள் திருநெல்வேலி வீட்டின் கறுப்புத் தொலைபேசி மணி எனக்குள் கணீரென்று அடித்தது. அதன் வாய்ப்பக்கம் எப்போதும் அப்பாவின் மூக்குப்பொடி வாசம் வீசும்.

தூரம் கூடினால் குரலும் கூட வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. பக்கத்திலேயே இருக்கும் பேட்டைச் சித்தப்பாவிடம் சாதாரணமாகப் பேசுவார். அம்பாசமுத்திரத்து அத்தைக்குக் கொஞ்சம் உயர்த்துவார். பம்பாயில் இருந்த அக்காவுக்கோ எழுந்து நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “ஏட்டி, காய்ச்சல் விட்டுட்டா?” என்று கத்துவார். வேப்பமரத்துக் காக்கைகள் பறந்துவிடும். அவர் போனை வைத்ததும் எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்பார்: “பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்காம், அண்ணாச்சி?”

நான் டொராண்டோவுக்கு வந்த பிறகு அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. போன வாரம்தான் அண்ணன், செல்போனோடு சேர்ந்து வேலைசெய்யும் காது மெஷின் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டிருந்தான். அது தெரிந்தும், கடிகாரத்தை வாயருகே கொண்டுபோய்ப் பழக்கதோஷத்தில் கத்தினேன்: “அப்பா, நல்லாருக்கியளா?”

பேட்டைக்குக்கூடப் பேசியிராத மெல்லிய குரலில் அப்பா சொன்னார்:

“பைய பேசுலே. காதுக்குள்ளதான இருக்க.”