வெர்லினின் முந்நூறு மாடுகள்

கிழக்கு மொன்டானாவில் ஒருவரிடம், உன் மனைவி யாரோடு ஓடிப்போனாள் என்றுகூடக் கேட்டுவிடலாம். உன்னிடம் எத்தனை மாடு என்று மட்டும் கேட்கக் கூடாது. மீறிக் கேட்டால் "போதுமான அளவு" என்று பதில் வரும். வெர்லின் ஹாகஸ்டாடும் நாற்பது வருடமாக அதையேதான் சொல்லிவந்தார். ஊர் தானாகவே அவருக்கு முந்நூறு என்று கணக்குப் போட்டுக்கொண்டது. மனிதர் மறுக்கவில்லை.

உண்மையில் இருந்தது எண்பத்து மூன்று. முந்தைய வறட்சிகளில், ஊரே சர்ச்சில் கூடி மழைக்கு ஜெபித்த ஞாயிற்றுக்கிழமைகளில், முட்டி வலி என்று வீட்டிலேயே தங்கி, லாரி வரவழைத்து, மற்றதையெல்லாம் பக்கத்து மாநிலச் சந்தைக்கு ஏற்றிவிட்டிருந்தார்.

இந்த வருடமும் புல் கருகிவிட்டது. மேய்ச்சல் போனால் அரசாங்கம் நிவாரணம் தரும். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று, மாட்டை எண்ணித்தான் தரும். அது வராவிட்டால் குளிர்காலத்துக்கு வைக்கோல் இல்லை, எண்பத்து மூன்றும் லாரி ஏற வேண்டியதுதான். மானத்தைப் பார்ப்பதா, மாட்டைப் பார்ப்பதா? மனுப் போடப் போனார்.

அலுவலகத்தில் மார்லிஸ் என்ற பெண் எத்தனை மாடு என்று கேட்டாள். வழக்கமான பதிலைச் சொன்னார்.

"'போதுமான அளவு'ன்னு எழுத இதுல கட்டம் இல்லீங்க வெர்லின்."

பேனாவை வாங்கி, பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குக் காட்டாதவர் போலக் கையால் மறைத்துக்கொண்டு, தானே எழுதிக் கொடுத்தார்.

பணம் வந்தது, வைக்கோலும் வந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அரசாங்கக் காசோலையை வங்கியில் போட்டுவிட்டு, நேரே காபிக்கடைக்கு வந்து அரசாங்கத்தைத் திட்டுவது எங்கள் ஊர் வழக்கம். வெர்லினும் தன் பங்குக்கு, வந்த பணம் நஷ்டத்தில் கால்வாசிகூட இல்லை என்று சொல்லிவைத்தார்.

அடுத்த பண்ணைக்காரர் டுவைட் சோரமுக்கு ரத்தம் கொதித்தது. முந்நூறு மாட்டுக்கு வாங்கியும் போதாது என்றால், ஆள் இன்னும் கூட்டித்தான் எழுதியிருப்பார் என்று நினைத்தார். ஊர்க்கணக்கில் ஐந்நூறு மாட்டுக்காரர் அவர். வெர்லினின் மாடுகளை நேரில் வந்து எண்ண வேண்டும் என்று பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிப் புகார் அனுப்பினார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த அலுவலகம் உடனே நடவடிக்கை எடுத்தது.

அதிகாரி வந்தார். வேடிக்கை பார்க்கக் காபிக்கடையே வேலியோரம் நின்றது. அவர் ஒரு தடவை எண்ணினார். சந்தேகப்பட்டு இன்னொரு தடவையும் எண்ணினார். எண்பத்து மூன்று, வெர்லின் மனுவில் எழுதியிருந்தபடியே.

டுவைட்டின் முகம் சிவந்தது. "மீதி மேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குதுங்க," என்றார்.

அதிகாரி அதையும் குறித்துக்கொள்ளத் தன் வண்டியை நோக்கி நடந்தார். வெர்லின் சும்மா இருந்தால், பொய்க்கணக்கு என்று மனுவே சந்தேகத்துக்கு ஆளாகும். வாயைத் திறந்தால் நாற்பது வருட முந்நூறும் போய்விடும். தொப்பியைக் கழற்றினார்.

"அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல, டுவைட். எங்கிட்ட இவ்வளவுதான்."

அதிகாரி கையெழுத்திட்டுக் கிளம்பினார். மற்றவர்களுக்கும் திடீரென்று வீட்டு வேலை ஞாபகம் வந்துவிட்டது. டுவைட் மட்டும் போகாமல், வேலிக்கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட அறுபத்தொண்ணு," என்றார்.

எத்தனை என்று வெர்லின் கேட்கவே இல்லை.