குற்றாலத்து மணல் பட்ட பினாங்கு டாலர்

பினாங்கில் எங்கள் தவுக்கே காலையில் கடையைத் திறந்ததும் முதலில் காதுக்கு வேலை கொடுப்பார். பழைய வெள்ளி டாலர் ஒன்றை விரல் நுனியில் நிறுத்தி, இன்னொன்றால் மெல்லத் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஓசை அடங்கும்வரை கேட்பார். அதற்குப் பிறகுதான் தேநீர். தவுக்கே என்றால் சீன முதலாளி. நான் அவருடைய மண்டியில் கிராணி, அதாவது நம் ஊர்க் குமாஸ்தா. அவர் கையிலிருக்கும் டாலரில் அம்மைத் தழும்பு மாதிரி எங்கு பார்த்தாலும் குழிகள். அந்தக் காலத்தில் காசு எந்தச் சீனக் கடைக்குள் நுழைந்தாலும், நல்ல காசுதான் என்று கண்டபின் கடைக்காரர் தன் முத்திரையை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டு அனுப்புவாராம். நம் ஊரில் ராஜா தலை போட்ட காசில் அப்படிக் குத்தினால் போலீஸ் வரும். இங்கே அது மரியாதை.

நான் கல்யாணத்துக்காகத் தென்காசிக்குப் புறப்பட்டபோது, தவுக்கே இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து சிவப்புக் காகிதம் சுற்றிய உருளை ஒன்றை எடுத்து எனக்குப் பரிசாகத் தந்தார். உள்ளே இருபது வெள்ளி டாலர்கள். முப்பது வருஷத்துக்கு முன்பு அவர் கைக்கு வந்த நாளில் சுற்றியது சுற்றியபடியே இருந்தன. "ஜாங்கான் புக்கா" என்றார். மலாயில் திறக்காதே என்று அர்த்தம். ஏதோ சீனச் சகுனம் போலிருக்கிறது என்று நினைத்து, கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டேன். கை படாத உருளை என்றால் காசு சேகரிக்கிற வெள்ளைக்காரர்கள் இரண்டு பங்கு விலை தருவார்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அது எனக்கு விளங்கியபோது காரியம் கெட்டுப்போயிருந்தது.

பெண் வீட்டார் புளியங்குடிக்காரர்கள். சாரலுக்காகக் குற்றாலத்தில் வீடெடுத்துத் தங்கியிருந்ததால் பெண் பார்ப்பதையும் அங்கேயே வைத்துக்கொண்டோம். செண்பகத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. அதை மறைக்கத் தெரியாமல் காபி டம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன். அவளுடைய தகப்பனாருக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற ஹெட்கான்ஸ்டபிள், ஊருக்கெல்லாம் ஏட்டையா. அவர் தம்பி மகளை ஒரு கொழும்பு மாப்பிள்ளைக்குக் கொடுத்து, அவன் போட்டிருந்த தங்கச் சங்கிலி பித்தளை என்பது தாலி கட்டிய பிறகு தெரியவந்ததாம். அன்றிலிருந்து கடல் தாண்டி வருகிற எதையும் அவர் உரைத்துப் பார்க்காமல் விடுவதில்லை. இது தெரியாமல் என் அத்தான், அதாவது அக்காவின் புருஷன், பெருமைக்காக உருளையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஏட்டையா காகிதத்தைக் கிழித்துவிட்டார்.

"முப்பது வருசத்துக்கு முந்தின வருசம்லா போட்டிருக்கு. ஒரு நகக்கீறல் இல்லையே? நேத்து அடிச்ச காசு மாதிரி மினுங்குது," என்றார். "புதன்கிழமை தென்காசில பத்தர் கடைக்கு எல்லாத்தையும் கொண்டாங்க. காசு நல்லதுன்னா மாப்பிள்ளையும் நல்லவரு."

கதவோரத்திலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. "பெட்டிக்குள்ளயே இருந்தா அது எப்படிப்பா தேயும்?"

"ஏட்டி, நீ உள்ள போ."

அந்த ஒரு கேள்விக்காகவே அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. புதன்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. நான் சாரலில் நனைந்துகொண்டே கவலைப்பட்டேன். அத்தான் கவலைப்படவில்லை; காசுப் பையை நானே பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார்.

புதன்கிழமை, நகை செய்கிற பத்தரின் கடையில் அத்தான் அந்தப் பையைக் கவிழ்த்தார். இரண்டே இரண்டு காசைத் தவிர மற்ற பதினெட்டும் கீறி, மங்கி, கிழடு தட்டிப்போயிருந்தன.

"முந்தாநாள் பொறந்த பிள்ளைக்கு இன்னைக்கு நரை விழுந்துட்டே. என்னவே இது?" என்று ஏட்டையா அத்தானைப் பார்த்தார்.

"புதுசா இருக்குன்னுதானே அண்ணாச்சி சந்தேகப்பட்டீய? அதான் குத்தாலத்து ஆத்து மணலை அள்ளிப் போட்டு, தேங்கா நாரு வச்சுக் கொஞ்சம் தேய்ச்சேன். உங்க மனசு சமாதானம் ஆகட்டுமேன்னு."

"வேலைல இருந்தப்போ பழசைப் புதுசுன்னு வித்தவனை எத்தனையோ பேரைப் பிடிச்சிருக்கேன். புதுசைப் பழசாக்கினவனை இப்பதான்வே பாக்கேன்."

அத்தானை அருவியில் தள்ளிவிடலாமா என்றிருந்தது எனக்கு. என் கல்யாணம் அந்த மணலோடு சிற்றாற்றில் போய்விட்டதென்றே நினைத்தேன். பத்தர் மட்டும் பதறவில்லை. ஒரு காசைச் சுண்டி ஓசை கேட்டார். பிறகு தராசில் வைத்தார். எதிர்த்தட்டில் இரண்டு ரூபாயும் ஒரு கால் ரூபாயும் வைத்து, அதற்குமேல் ஐந்தாறு குன்றிமணி போட்ட பிறகுதான் முள் நேராக நின்றது. "வெள்ளி நயம்தான்" என்றார். அதற்குப் பிறகு, அத்தான் கை வைக்காத இரண்டு காசையும் எடுத்தார். அவை உருளையின் இரு முனைகளிலும் இருந்தவை; ஏற்கெனவே கொஞ்சம் பழசாகத் தெரிந்ததால் அத்தானிடமிருந்து தப்பின.

"ஏட்டையா, இங்கன பாருங்க. காகிதம் பட்ட பக்கம் மட்டும் மஞ்சளும் நீலமுமா நெறம் ஏறியிருக்கு. அடுத்த காசோட ஒட்டிக் கெடந்த பக்கம் வெள்ள வெளேர்னு இருக்கு. இந்த நெறம் ஏற வருசக்கணக்காகும். கள்ளக்காசு அடிக்கவன் அம்புட்டு நாள் காத்துக் கெடப்பானா?"

பத்தர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். காசில் கையில் சூலத்தோடும் கேடயத்தோடும் ஒரு பெண் நிற்கிறாள், பின்னால் கடல். "அம்மன்லா இருக்கா!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது இங்கிலாந்து தேசத்தையே பெண்ணாகப் போட்ட படம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சூலத்தின் நடுமுனையில் எறும்புத் தலையளவுக்கு இங்கிலீஷ் எழுத்து பி இருந்தது. பத்தர் பெட்டியிலிருந்து முந்தின ராஜா காலத்து ரூபாய் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதிலும் அதே பி.

"ரெண்டும் பம்பாய்ல அடிச்சது, ஏட்டையா."

ஏட்டையாவின் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப இது சீமைக்காசு இல்லையா? பினாங்குக் காசுன்னு சொன்னாங்களே!" அதுவரை கள்ளக்காசோ என்று பயந்தவருக்கு, இப்போது உள்நாட்டுக் காசாகிவிட்டதே என்று வருத்தம்.

"பொறந்தது பம்பாய், பொழைக்கப் போனது பினாங்கு," என்றார் பத்தர். "உங்க மாப்பிள்ளை மட்டும் என்ன? பொறந்தது இந்தா, அடுத்த தெருதானே?"

ஏட்டையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்து, "நாள் பாருங்க. ஆனா கல்யாணப் பாத்திரத்தை நீரு தேய்க்கக்கூடாது," என்றார்.

செண்பகத்தோடு பினாங்கு திரும்பியதும் கீறல் விழுந்த டாலர் ஒன்றைத் தவுக்கேயிடம் காட்டினேன். பெற்ற பிள்ளைக்கு அடிபட்டதுபோல் தவித்தார். ஜாங்கான் புக்காவின் முழு அர்த்தமும் அன்றுதான் எனக்குக் கிடைத்தது. கடைசியில் கீறல்களைத் தடவிப் பார்த்து, இது எந்தக் கடை முத்திரை என்று மலாயில் கேட்டார். "குற்றாலம்" என்றேன். அந்தப் பெயரில் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவர் நெடுநேரம் யோசித்தார்.

ஊரில் இருப்பவர்களுக்கும் என்னைப் போலக் கப்பலேறியவர்களுக்கும் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். இங்கே நான் இந்தியாக்காரன். தென்காசியில் இறங்கினால் பினாங்குக்காரர். இரண்டும் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஆனி, ஆடி வந்துவிட்டால் செண்பகம் அந்தக் கீறல் காசை எடுத்து மூக்கில் வைத்துப் பார்ப்பாள். "மணல் வாசம் இன்னும் அடிக்குது," என்பாள். வெள்ளிக்கு ஏது வாசம் என்று நான் கேலி செய்வேன். அவள் அடுப்படிக்குப் போனதும் நானும் ஒரு தடவை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொள்வேன்.