இடக்கையால் ஒரு சலாட் தட்டு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், சூரிச் ஏரிக்கரையில் இருந்த ஒரு பெரிய ரெஸ்ரோரண்டில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஊரில் தண்ணீர்கூட எடுத்துக் குடித்தறியாதவன் என்று என் தமக்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். மூன்று வருடச் சவர்க்காரத்தில் விரல்கள் வெடித்துப்போய், சோறு பிசைந்தால் குழம்பு பட்டு எரியும். அந்தக் கழுவுதொட்டியை விட்டு வெளியே வந்து, மண்டபத்தில் பரிமாறுகிறவனாக வேண்டும். அப்போது எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை பரிமாறுகிற இருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். மண்டபத்துக்குப் பொறுப்பான ஆஸ்திரியப் பெண்மணி என்னைக் கூப்பிட்டுக் கறுப்பு வெயிஸ்ட்கோட் ஒன்றைக் கொடுத்தார். பெரிய தட்டுகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் சலாட் மட்டும் வைத்தால் போதும். விருந்தினரின் இடது பக்கம் நின்று, இடக்கையால் வைக்க வேண்டும். நானும் பெரிதாகத் தலையாட்டினேன். ஆனால் மேசைக்குப் போனதும் இடக்கை மறுத்துவிட்டது. யாருக்கும் எதையும் இடக்கையால் கொடுக்கக்கூடாது என்று அடி வாங்கி வளர்ந்த உடம்பு அல்லவா? தட்டு தானாக வலக்கைக்கு மாறியது. இடது பக்கம் நின்றபடியே ஒரு கனவானின் மூக்குக்கு முன்னால் கையை நீட்டினேன். சட்டைக் கை தட்டி அவருடைய மூக்குக்கண்ணாடி சலாட்டுக்குள் விழுந்தது.

“ஏன் அப்படிச் செய்தாய்?” என்று பெண்மணி பின்னர் கேட்டார். எங்கள் ஊரில் இடக்கைக்கு என்ன உத்தியோகம் என்று ஜெர்மனில் விளக்க எனக்கு மொழியும் இல்லை, துணிவும் இல்லை. அவர் கோபப்படாததுதான் பயமாக இருந்தது.

“நகரத்தில் ஓர் ஆங்கிலப் படம் ஓடுகிறது. அந்தக் காலத்து மாளிகை, எசமான்கள், வேலைக்காரர்கள். போய்ப் பார். கதையை விடு, கைகளைப் பார். அடுத்த வார ஞாயிறு ஒரு ஞானஸ்நான விருந்து இருக்கிறது. அதிலும் சரிவராவிட்டால் நீ தொட்டியோடுதான்.”

நகரத்துக்கு வெளியே அட்லிஸ்வில்லில் என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார் அண்ணையும் துணைக்கு வந்தார். “படத்திலை சண்டை இருக்குமோ?” என்று ரயிலில் மூன்று தரம் கேட்டார்.

சண்டை இல்லை. திரை முழுக்க ஒரு வீடு நின்றது. எத்தனை புகைபோக்கிகள் என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டேன். இனி எசமான்களின் கதை வரும் என்று சாய்ந்து உட்கார்ந்தால், படம் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்த படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கியது. அங்கே இன்னொரு வீடு! வரிசையாக மணிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் அறையின் பெயர். வேலைக்காரர்களுக்கும் தனி மேசை, அதிலும் பெரியவர் சிறியவர் என்ற வரிசை. தலைமை வேலைக்காரர் கரண்டியைத் தூக்கும்வரை ஒருவரும் வாய் வைக்கவில்லை. அவர் விருந்து மேசையைச் சுற்றி வந்து, குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கண்ணாடிக் கிளாசுகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தார். ஒன்றை நகத்தளவு நகர்த்தினார். பூசை செய்கிற ஐயரின் கையில் மட்டும்தான் அதுவரை அப்படி ஒரு கவனத்தைக் கண்டிருந்தேன். நான் கழுவி அடுக்குகிற கோப்பைகளை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தவன் நான். இங்கே யாரோ பார்த்து, அதைப் படமாகவும் எடுத்திருக்கிறார்கள்.

பிறகு விருந்து. வலக்கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, இடது உள்ளங்கையில் பாத்திரத்தை ஏந்தி, அந்தத் தலைமை வேலைக்காரர் பிரபுவின் இடத்தோளருகே குனிந்தார். பிரபு திரும்பிக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டார்.

“இடக்கையாலை நீட்டுறான், அந்தாள் எடுத்துத் தின்னுதே!” என்று அண்ணை வாய்விட்டே சொல்லிவிட்டார். “எங்கடை பந்தியிலை எண்டால் இலையை மடிச்சுப்போட்டு எழும்பியிருப்பினம்.” முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி முறைத்தாள்.

அந்தக் கிழமை முழுவதும் அண்ணைதான் எனக்குப் பிரபு. இடது பக்கம் நின்று இடக்கையால் சோறு வைத்துப் பழகினேன். “நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறன், நீ வை,” என்பார். பாவம், அவ்வளவு பெரிய மனது.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட மேசையில் இருபது பேர். பெண்மணி கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். ஒன்று, இரண்டு, பத்து தட்டுகள் ஒழுங்காக இறங்கின. எனக்கே என்னை மெச்சத் தோன்றியது. மேசையின் கடைசியில் ஒரு பச்சைச் சேலை தெரிந்தது. நாற்பது வயதிருக்கும், பொட்டு வைத்த எங்கள் நாட்டுப் பெண். ஞானஸ்நானக் குழந்தையின் தாய் பக்கத்து விருந்தினரிடம், “இவர் எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர். இவர் இல்லாவிட்டால் எங்களுக்கு ஒன்றும் ஓடாது,” என்று ஜெர்மனில் அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். அந்தப் படத்தில் எந்த வேலைக்காரியையும் பிரபுவின் மேசையில் இருத்தவில்லை.

என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. வெள்ளைக்காரருக்குத்தான் பழகியிருந்தேன். கனவில்கூட ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இப்படிச் சாப்பாடு வைப்பேன் என்று நினைத்ததில்லை. வலக்கை முன்னுக்கு வரத் துடித்தது. அந்தப் பெண் என் இடக்கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலாகச் சுவரோரத்தைப் பார்த்தார்.

“தம்பி, யோசியாதேங்கோ,” என்றார் உதடு அசையாமல். “அப்பிடியே வையுங்கோ. அந்த மனிசி பாத்துக்கொண்டு நிக்குது.”

வைத்தேன். ஒரு பார்வையில் மண்டபம் முழுவதையும் அவர் எப்படி வாசித்தார் என்று இன்றைக்கும் வியக்கிறேன். அவரையும் இப்படிப் பார்த்துக்கொண்டு எத்தனை சுவரோரங்களில் யார் யார் நின்றார்களோ! பக்கத்திலிருந்தவர் எந்த முள்ளுக்கரண்டியை எடுக்கிறார் என்று கவனித்து, அவரும் அதையே எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

“அடுத்த சனிக்கிழமையும் வா,” என்று பெண்மணி சொன்னபோது நான் சமையலறையில் நின்றிருந்தேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டினார். எங்கள் ஆள் ஒருவருக்கு இடக்கையால் சாப்பாடு வைத்துவிட்டேன். அந்த அவமானத்தை அவர் எனக்காக வாங்கிச் சாப்பிட்டார்.