வளைவில் காத்து நின்ற சிவப்புக் கார்

அன்றைக்கு முன்னறையிலிருந்து எழுந்து போய், "அது அப்பா இல்லை, நான்தான்" என்று மகளிடம் சொல்லியிருக்க வேண்டுமா? எத்தனையோ தரம் என்னையே கேட்டுவிட்டேன். ஒரு நாள் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றும். மறுநாள் சொல்லாமல் விட்டதுதான் சரி என்று தோன்றும். நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்த்தாலாவது தெளியுமோ என்று எழுதுகிறேன்.

வவுனியாவில், குருமன்காட்டுப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அவர் போகும்போது மகளுக்கு இரண்டு வயது. இது நடந்தது போன வருடம், அவளுக்கு ஐந்து வயதாயிருந்தபோது. தொலைபேசியைக் காதில் வைத்தால் அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். தலையாட்டுவது அங்கே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் அவர் அழைத்தபோது கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். "அவளுக்கு என்னை ஆரெண்டே தெரியேல்ல" என்று சொல்லிவிட்டு அவர் வேறு கதைக்கு மாறினார். நான் மாறவில்லை. பிள்ளைக்கு அப்பாவைப் பற்றிப் போதியளவு சொல்லி வளர்க்கவில்லையோ என்று பல நாள் யோசித்தேன்.

வழி கண்டுபிடித்தவர் அவர்தான். மகளுக்குக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றில் ஆசை. அதை இரண்டு இடங்களிலிருந்து இரண்டு பேர் சேர்ந்தும் விளையாடலாம். அதற்கு ஒரு வீட்டுக் கணினி சேர்வராக இருந்து, மற்றவர் வருவதற்குக் காத்திருக்க வேண்டும். அவருடைய தங்குமிடத்தில் எட்டுப் பேருக்கு ஒரே இணைப்பு, அதில் எதையும் மாற்ற விடமாட்டார்கள். ஆகவே எங்கள் வீடு காத்திருக்க வேண்டும். அவர் வர வேண்டும்.

வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவரும் ரவுட்டருக்கு வெளியுலகில் ஒரு இலக்கம் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் அது தனித்தனி இலக்கம் கொடுக்கிறது. வெளியிலிருந்து வந்து தட்டுபவரை அது உள்ளே விடாது. இந்த வாசலில் தட்டினால் இன்ன இலக்கக் கணினியிடம் அனுப்பு என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். வாசலுக்கு போர்ட் என்று பெயர். கணவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினேன்.

வாசல் திறப்பது எனக்கு இலேசாக இருக்கவில்லை. ஓர் இரவு தங்க வரும் உறவினரைக்கூடப் பொலிஸில் பதிந்தாக வேண்டிய ஊர் இது. வேறு யாரும் உள்ளே வரமாட்டார்களா என்று இரண்டு தரம் கேட்டேன். அந்த வாசலில் விளையாட்டு மட்டும்தான் நிற்கும் என்றார். அப்படியும் சேர்வர் என்ற சொல்லைத் தொலைபேசியில் சொல்ல எனக்குப் பயம். யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள்? "அந்தச் சாமான்" என்றே கடைசிவரை சொன்னேன்.

அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எங்கள் நேரம் பின்னேரம் நாலு மணிக்கு விளையாடுவதாக முடிவு. முதல் வெள்ளி அவரால் வர முடியவில்லை. எங்கள் கணினியில் இருந்த காவல் மென்பொருள் தடுத்திருந்தது. அதற்கு அனுமதி கொடுத்து முடிப்பதற்குள் அவர் அடுத்தவருக்கு இடம் விட்டு எழும்ப வேண்டி வந்துவிட்டது. மகளின் நீலக் கார் மட்டும் வெறும் தெருவில் நின்றது. கதிரையில் காலைத் தொங்கப்போட்டபடி அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வெள்ளி காலையில் வெளி இலக்கத்தைப் பார்த்து அவருக்கு அனுப்பிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுப் போவது எங்கள் பழக்கம். மின்சாரம் கூடிக் குறைந்து வந்து பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எரிந்துபோனதிலிருந்து நான் அதில் தவறுவதில்லை. திரும்பி வந்து போட்டதும் ரவுட்டருக்குப் புதிய இலக்கம் கிடைத்துவிட்டது. அது அன்றிரவு பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நாலு மணிக்கு அவர் பழைய இலக்கத்தில், யாருடைய வீட்டையோ தட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள்ளேயே இன்னொரு கணினியிலிருந்து வந்து பார்க்கும்படி சொன்னார். அது சரிவந்தால் விளையாட்டில் பிழையில்லை, பிழை வெளியில்தான். எங்கள் முன்னறையில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் வாடகைக்கு இருக்கிறா. அவவின் மடிக்கணினியை வாங்கி, விளையாட்டைப் போட்டு, அவவின் கட்டிலில் இருந்து அழுத்தினேன். வீட்டுக்குள் காத்திருக்கும் ஆட்டத்தை விளையாட்டே தேடிப் பிடித்துக்கொண்டது. என் திரையில் ஒரு சிவப்புக் காரும் நீலக் காரும் வந்தன.

"அம்மா, அப்பா வந்திட்டார்" என்று மகள் உள்ளேயிருந்து சொன்னாள்.

எழுந்தேன். அதற்குள் அவள் திரையோடு கதைக்கத் தொடங்கிவிட்டாள். "அப்பா, இஞ்சால வாங்கோ. அது பிழையான றோட்டு."

அப்பா என்று கூப்பிட்டு அவள் ஒரு முழு வசனம் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. திரும்பக் கட்டிலிலேயே இருந்துவிட்டேன். எனக்கு ஓட்டத் தெரியாது. மதிலோடு முட்டினேன். பாலத்துக்கு அடுத்த வளைவுக்கு எப்படியோ முதலில் வந்துவிட்டேன். அவள் பின்னால் தனியே வருகிறாளே என்று அங்கே நிறுத்தி, நீலக் கார் வந்தபின்தான் எடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அப்படியே செய்தேன்.

அன்று பொழுதுபட அவர் அழைத்தபோது சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"நான் வெண்டனானோ, தோத்தனானோ?"

"தோத்திட்டியள்."

"அப்ப இனியும் நான் வரேலாமல் போனால் நீரே காரை ஓடும்."

மூன்றாம் வெள்ளி கோயிலால் வந்தபிறகே வெளி இலக்கத்தைப் பார்த்து அனுப்பினேன். அப்படியும் அவரால் வர முடியவில்லை. நாலாம் வெள்ளியும் அதேதான். இரண்டு கிழமையும் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே அப்பாவாகப் போனேன். அப்படி நேரலாம் என்று, கோயிலால் வந்து மெயின் சுவிச்சைப் போட்டதும் முதல் வேலையாக ரீச்சரின் மடிக்கணினியைத்தான் திறந்து வைத்தேன். எங்கள் கணினியை அதன் பிறகுதான் போட்டேன்.

பிழை அதில்தான் இருந்தது. நாலாம் வெள்ளி மகள் நித்திரையானபின், ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து கொப்பியோடு வரிவரியாக ஒப்பிட்டேன். வீட்டிலுள்ள கணினிகளின் பட்டியலும் அதில் இருந்தது. இரண்டாம் இலக்கத்துக்கு நேரே ரீச்சருடைய மடிக்கணினியின் பெயர். எங்களுடையது மூன்றாம் இலக்கம். மெயினை நிறுத்திப் போட்டால் ரவுட்டர் வந்த ஒழுங்கில் இலக்கம் கொடுக்கிறது. நான் வாசலைத் திறந்துவிட்டிருந்தது, எங்கள் கணினிக்கு முதலில் இருந்த இரண்டாம் இலக்கத்துக்கு. அவருக்குப் பதிலாக ஓட நான் ஆயத்தமாக வைத்திருந்த கணினியிடமே ரவுட்டர் அவரை அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே அவரை ஏற்க எதுவும் காத்திருக்கவில்லை.

ரீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தா.

"அப்ப ரெண்டு கிழமையா உங்கட மனிசன் என்ர கதவையெல்லோ தட்டியிருக்கிறார். சனம் கேட்டால் என்ன கதைக்கும் அக்கா?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு எங்கள் கணினிக்கு மாறாத ஓர் இலக்கமாகப் பத்தைக் கொடுத்து, ரவுட்டரிலும் இரண்டை அழித்துப் பத்து என்று எழுதினேன்.

ஐந்தாம் வெள்ளி சிவப்புக் கார் உண்மையாகவே கட்டாரிலிருந்து வந்தது. நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். அவர் நன்றாக ஓட்டினார். மூன்று சுற்றும் அவரே வென்றார். மகள் கதிரையால் இறங்கி என்னிடம் வந்தாள்.

"அப்பாவுக்கு என்னோட கோவமோ? வளைவில நிக்காமல் போயிட்டார்."

அவரிடம் சொன்னேன். "எந்த வளைவு?" என்று மட்டும் கேட்டார். பாலத்துக்கு அடுத்தது என்றேன். அடுத்த வெள்ளியிலிருந்து அங்கே நின்றார். மகள் தொலைபேசியில் முதலில் அந்த வளைவைப் பற்றிக் கதைத்தாள். பிறகு நேசரிப் பள்ளியைப் பற்றி, விழுந்த பல்லைப் பற்றி. இப்போது அவளிடமிருந்து தொலைபேசியை வாங்குவதே பாடு. அவருக்கு மனம் நொந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவார்.

அடுத்த மாதம் அவர் முதல் தரம் விடுமுறையில் வருகிறார். மகள் ஒவ்வொரு நாளும் ஒன்றையே சொல்கிறாள். அப்பா வந்தவுடன் முதல் நாள் ஓடியதுபோல ஓட வேண்டுமாம். அன்றைக்கு அவர் மதிலோடு முட்டியதைச் சொல்லிச் சிரிக்க வேண்டுமாம். நான் மதிலோடு முட்டியது அவருக்குத் தெரியாது. அவருக்கு முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவைத்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார், கதை அப்படியே போகும். அல்லது அவர் வருவதற்கு முன் மகளிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால், வந்து நிற்கும் மனிதரை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று பயமாக இருக்கிறது. ரீச்சர் விட்டுவிடச் சொல்கிறா. கணவர் "உம்மட விருப்பம்" என்கிறார்.

தகப்பன் தூரத்தில் இருக்க, பிள்ளையைத் தனியே வளர்த்தவர்கள் இதை வாசிப்பீர்கள். மகளுக்கு இப்போது ஆறு வயது. நான் சொல்லவா, விடவா? சொல்வதென்றால் எந்தச் சொல்லில் தொடங்குவது? தயவுசெய்து எழுதுங்கள். அவர் வருவதற்கு இன்னும் நாலு வெள்ளிக்கிழமை இருக்கிறது.