சர்க்கரைத் தண்ணியில் எரிந்த விளக்கு

அடையாறில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே கெமிஸ்ட்ரி லேபில் நான் அட்டெண்டர். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் அணுக்கள் சேரும் பிணைப்புப் பாடம் மனப்பாடம். வருஷத்துக்கு நாலு செக்‌ஷன் பின்னால் நின்று கேட்டால் வராதா? உப்பில் ஒரு அணு எலக்ட்ரானைக் கொடுத்துவிடும், இன்னொன்று வாங்கிக்கொள்ளும். சர்க்கரையில் கொடுக்கல் வாங்கல் கிடையாது, சேர்ந்து வைத்துக்கொள்ளும். செம்பில் எல்லாருக்கும் பொது, எலக்ட்ரான் அது பாட்டுக்கு ஓடும்.

காட்டுவது சுலபம். ஒரு பேட்டரி, சின்ன எல்இடி விளக்கு, ரெண்டு பென்சில் கரிக்குச்சி. செம்புக் கம்பியில் வைத்தால் எரியும். உப்புத் தண்ணியில் எரியும். சர்க்கரைத் தண்ணியில் எரியாது. எரியக் கூடாது.

போன வருஷம் ஒரு டீச்சர். தற்காலிக வேலை. ஒரு நாள் அவங்க பாடம் நடத்துவதைப் பார்க்க நிர்வாகத்திலிருந்து ஒரு சார் வந்தார். அவர் சரி என்றால் நிரந்தரம். இல்லையென்றால் அந்த மாசத்தோடு வீட்டுக்கு.

அன்றைக்குக் காலையில் லேப் அலமாரியைத் திறந்தால், உப்பே இல்லாத டிஸ்டில்டு வாட்டர் கேன் காலி. ஆபீஸ் பியூனைக் கேட்டேன்.

"பேட்டரி தண்ணின்னு போட்டுக்கீதேப்பா. இன்வெர்ட்டர் காஞ்சு கெடந்துச்சு, ஊத்திட்டேன்."

"லேப்ல இருந்ததையா?"

"பின்ன, நீ குடிக்கவா வச்சிருந்தே? காலங்காத்தால டென்சன் ஆவாதே."

இவனிடம் என்ன பேச. மணி எட்டரை. கடை திறக்கப் பத்தாகும். குழாயில் போர் தண்ணி பிடித்தேன். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. டீச்சரிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே அவங்க பாடக் குறிப்பை மூணாவது தடவை புரட்டிக்கொண்டிருந்தாங்க. சொல்லியிருக்கணும்.

முதல் பீரியட். செம்பில் எரிந்தது. உப்பில் எரிந்தது. "சர்க்கரை சகப்பிணைப்பு. கரைஞ்சாலும் கரண்டைக் கொண்டுபோற அயனி வராது. விளக்கு எரியாது" என்று சொல்லி டீச்சர் குச்சியை இறக்கினாங்க.

எரிந்தது. மங்கல்தான். ஆனால் கடைசி பெஞ்சு வரைக்கும் தெரிந்தது.

"மச்சி, சர்க்கரை உப்பு கட்சிக்குத் தாவிடுச்சுடா!"

வகுப்பே சிரித்தது. சார் பேனாவைத் திறந்தார். டீச்சர் குச்சியைத் துடைத்து மறுபடி இறக்கினாங்க. மறுபடி எரிந்தது. துடைத்தால் தண்ணி மாறுமா? எனக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், சர்க்கரை மேல தப்பில்ல. நான் போர் தண்ணி ஊத்திட்டேன்."

"அட்டெண்டர் நடுவுல பேசக் கூடாது" என்றார் சார்.

ஒரு பீக்கரில் வெறும் போர் தண்ணி பிடித்து மேஜையில் வைத்தேன். டீச்சர் என்னைப் பார்த்தாங்க. குச்சியை அதில் இறக்கினாங்க. எரிந்தது.

வகுப்பைப் பார்த்துத் திரும்பினாங்க. "இதுல நாம எதுவும் போடலை. அப்போ எரிய வச்சது யாரு?"

"கடலு டீச்சர்" என்றாள் முன்பெஞ்சுப் பெண். "கடலு பக்கத்துல, எங்க வீட்டு போர் தண்ணியே வாயில வெச்சா கரிக்கும்."

பாடம் அங்கேயிருந்து ஓடியது. சார் எழுதிக்கொண்டே இருந்தார்.

டீச்சருக்கு வேலை நிரந்தரம் ஆனது. எனக்கு மெமோ வந்தது. பாட வேளையில் குறுக்கே பேசியதற்கு விளக்கம் வேண்டுமாம்.

"நான் எழுதித் தரட்டுமாண்ணே?" என்று டீச்சர் கேட்டாங்க.

"வேணாங்க."

நானே மூணு வரியில் எழுதினேன். தண்ணி தப்பு. சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.